தலையில் வைக்க ஆகாத ரோஜா



போன ஞாயிற்றுக்கிழமை என் ஜன்னல் திண்டில் பூத்திருந்த சின்ன ரோஜாச் செடியைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். இத்தனை பேர் விசாரிப்பீர்கள் என்று நினைக்கவில்லை. "டீச்சர், இது நிஜச் செடியா, பிளாஸ்டிக்கா?" என்று ஒரு தம்பி. "அத்தை, எங்க கிடைக்கும், என்ன விலை?" என்று என் நாத்தனார் மகள். "பெரிய ரோஜாவை வெட்டி வெட்டிக் குட்டையாக்கியிருக்கீங்களா மிஸ்?" என்று 2003-ஆம் வருடத்துப் பத்தாம் வகுப்பு மாணவி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டினால் கட்டைவிரல் தேய்ந்துவிடும். அதனால் மொத்தமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். டீச்சர் வகுப்பு எடுத்து நாளாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மாணவிக்குப் பதில். வெட்டிக் குட்டையாக்கியது இல்லை. போன்சாய் வேறு, இது வேறு. இது பிறவியிலேயே குட்டை. தண்டில் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையே உள்ள பகுதியைக் கணுவிடை என்று படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தேனே, அந்தக் கணுவிடை இதில் மிகவும் சுருங்கிப்போயிருக்கும். அதனால் ஒரு சாண் உயரத்துக்குள் பத்து இலை, நாலு கிளை, கொத்தாக மொட்டு எல்லாம் அடங்கிவிடுகிறது. பூ மட்டும் சின்னதில்லை. இலை, முள், மொட்டு எல்லாமே அதே கணக்கில் சின்னது. பெரிய ரோஜாவைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பதுபோல இருக்கும். மினியேச்சர் ரோஜா என்பது பொதுப்பெயர். நம் பக்கத்து நர்சரிக்காரர்கள் பட்டன் ரோஸ் என்பார்கள், சிலர் காஷ்மீர் ரோஸ் என்பார்கள். காஷ்மீருக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம், மைசூர்பாகுக்கும் பாகிஸ்தானுக்கும் உள்ள சம்பந்தம்தான்.

இதை நான் வாங்கியது 2007-இல். பள்ளிவிட்டு வரும் வழியில், படப்பைக்கு இந்தப் பக்கம் சாலையோரத்தில் ஒரு குட்டியானை வண்டியில் செடி விற்றுக்கொண்டிருந்தார்கள். சம்பள நாள். 25 ரூபாய். வண்டலூர் வாலாஜாபாத் சாலை அப்போது இவ்வளவு அகலம் இல்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றால் பேருந்துக்காகக் காத்திருப்பவர்களை விரலால் எண்ணிவிடலாம். நம் சேரப்பணஞ்சேரியில் வாசலில் செடி வைக்காத வீடு கிடையாது.

என் வீட்டில் அப்போதே பன்னீர் ரோஜா இரண்டு புதர் இருந்தது. எட்வர்டு ரோஸ் என்றும் அதைச் சொல்வார்கள். இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்று ஒரு தீவு. முன்காலத்தில் அதற்கு போர்போன் தீவு என்று பெயர். அங்கே வேலி ஓரத்தில் சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தானாகக் கலந்து பிறந்த குலம் அது. இன்று நம் கோயில் மாலையில், கல்யாண வீட்டுத் தட்டில், கோயம்பேட்டில் கூடை கூடையாக உதிரியில் பார்க்கிறீர்களே, அதில் பெரும்பங்கு அதுதான். வாசனை இருக்கும், இதழ் கொட்டும், பறித்தால் உபயோகம்.

இந்தச் சின்னச் செடியை நான் கொண்டுவந்து இறக்கியதும் என் மாமியார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னாம்மா பூவு? வாசனையும் இல்ல, காம்பும் இல்ல. தலையில வெச்சா நிக்குமா? சாமிக்குப் போட்டா தெரியுமா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நம் வீடுகளில் ஒரு பூ என்றால் அது யாருக்காவது ஆக வேண்டும். சாமிக்கு, சுமங்கலிக்கு, கல்யாணத்துக்கு, இல்லையென்றால் சாவுக்கு. சும்மா செடியில் இருந்து வாடுவதற்காக ஒரு பூ என்பது அவருக்குப் புரியவில்லை. செடி பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

2011-இல் உங்கள் சார் போனார். சொந்தங்களுக்கு அது தெரியும், மாணவர்கள் பலருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெரிய விஷயமும் இல்லை.

நீங்கள் எல்லாம், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், காலையில் வீட்டு ரோஜாவைப் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, ஹேர்பின்னோடு கொண்டுவந்து மேசைமேல் வைப்பீர்கள். "டீச்சர், வெச்சுக்கோங்க." சில நாள் நாலைந்து சேர்ந்துவிடும். யாருடையதை வைப்பது, யாருடையதை விடுவது என்று தவிப்பேன். வெள்ளிக்கிழமை என்றால் ஆசிரியர் அறையில் யாராவது மல்லிகைச் சரம் கொண்டுவந்து முழம் போட்டு அறுத்துக் கொடுப்பார்கள். நான் விடுப்பு முடிந்து திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை, அந்தச் சரம் என் மேசைக்கு முந்திய மேசையில் நின்றது. கொடுத்துக்கொண்டு வந்த டீச்சர் நல்ல மனுஷி. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நாள் கழித்து ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, புதிதாகச் சேர்ந்தவள், ஒரு சிவப்பு ரோஜாவை நீட்டினாள். பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். நான் அதை வாங்கிக் குடிக்கிற கிளாஸில் தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைத்தேன். பாடம் நடத்தினேன்.

வீட்டில் பன்னீர் ரோஜா அதுபாட்டுக்குப் பூத்தது. விடிவதற்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பறித்துப் போவார்கள். நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் பள்ளி முடிந்து வந்தேன். பின்கட்டில் இருந்த சின்ன ரோஜாத் தொட்டி முன்னறை ஜன்னலில் இருந்தது. மாமியார்தான் தூக்கி வைத்திருக்கிறார். அவருக்கு அப்போது எழுபத்தைந்து வயது. அவர் தன் நாற்பதாவது வயதில் பூவை விட்டவர். "என்னம்மா, இங்க வெச்சிருக்கீங்க?" என்றேன். "இது பறிக்கிற பூ இல்லியே, பாக்கிற பூதானே. பாக்கிறதுக்கு யாரைக் கேக்கணும்?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. 2018-இல் அவர் போகிறவரைக்கும் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் அவருடைய கட்டில்.

"நீங்க தாராளமாப் பூ வைக்கலாம் டீச்சர், காலம் மாறிடுச்சு" என்று உங்களில் சிலர் சொல்லியிருக்கிறீர்கள். சரிதான். வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். எனக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. அவ்வளவே.

இப்போது இந்தச் செடியின் கதைக்கு வருகிறேன். படித்தபோது எனக்கு இரண்டு நாள் இதே நினைப்பாக இருந்தது.

சின்ன ரோஜாக்களின் மூதாதை சீனத்து ரோஜா. பழைய ஐரோப்பிய ரோஜாக்கள் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரே பருவம் பூத்து ஓய்ந்துவிடும். மாதம் தவறாமல் திரும்பத் திரும்பப் பூக்கிற குணம் சீன ரோஜாவிலிருந்து வந்தது. பூப்பதைத் தடுத்து வைக்கும் ஒரு மரபணு அதில் பழுதுபட்டுப் போனதுதான் காரணம். அந்தப் பழுது நமக்கு லாபம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் குட்டைச் சீன ரோஜாக்கள் ஐரோப்பாவில் தொட்டிச் செடியாகப் புழங்கின. பிறகு பெரிய பூக்களுக்கு மவுசு வந்ததும், குட்டை ரோஜாவைத் தோட்டக்காரர்கள் மறந்தேபோனார்கள்.

முதல் உலகப் போர்க் காலத்தில் ரூலே என்ற சுவிஸ் ராணுவ அதிகாரி, ஜூரா மலைப்பக்கம் மோபோர்ஜே என்ற சின்னக் கிராமத்தில் வீட்டு ஜன்னல்களில் ஒரு குட்டி ரோஜாவைப் பார்த்தார். இளஞ்சிவப்புப் பூ. தலைமுறை தலைமுறையாக ஜன்னல் தொட்டியிலேயே வளர்வதாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அவர் ஜெனீவாவில் இருந்த தாவர அறிஞர் ஆன்றி கொரவோனிடம் இதைச் சொன்னார். கொரவோன் தேடிக்கொண்டு போனபோது அந்தக் கிராமம் தீயில் எரிந்துபோயிருந்தது. ஜன்னலும் இல்லை, தொட்டியும் இல்லை. ஆனால் பக்கத்தில் ஓனான் என்ற ஊரில் ஒரு பெண்மணியிடம் அதே செடி ஒன்று இருந்தது. அதிலிருந்து துண்டு வாங்கி வந்து வளர்த்து, ரோசா ரூலெட்டி என்று பெயர் வைத்து 1922-இல் வெளியுலகுக்குச் சொன்னார்.

மற்றதெல்லாம் அதன் பிள்ளை பேரன்கள் சமாசாரம். ஹாலந்தில் போஸ்கோப் ஊர்க்காரர் யான் டி விங்க் என்பவர், இந்த ரூலெட்டியை குளோரியா முண்டி என்ற கொத்துப்பூ ரோஜாவோடு இணைத்து ஒரு சிவப்புக் குட்டியை உண்டாக்கினார். அமெரிக்காவில் ராபர்ட் பைல் அதை வாங்கி 1936-இல் டாம் தம்ப் என்ற பெயரில் விற்றார். கட்டைவிரல் உயரக் கதைநாயகனின் பெயர் அது. கலிபோர்னியாவில் விசேலியா என்ற ஊரில் ரால்ப் மூர் வாழ்நாள் முழுக்க இதே வேலையாக இருந்து முன்னூறுக்கும் மேற்பட்ட புது ரகங்களைக் கொடுத்தார். 1907-இல் பிறந்தவர், 2009 வரை இருந்தார். ரோஜா வளர்த்தால் நூறு வயது வாழலாம் என்று இதை வைத்து யாரும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.

நம் நாட்டிலும் ஒரு பெரியவர் உண்டு. பி.பி.பால். துருநோய் தாங்கும் கோதுமை ரகங்களை உண்டாக்கிய விஞ்ஞானி, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர். அவருக்கு ரோஜாப் பைத்தியம். புது ரகங்களை உண்டாக்கினார், இந்தியாவின் ரோஜாவைப் பற்றிப் புத்தகமே எழுதினார். ஊட்டி அரசு ரோஜாப் பூங்காவுக்கு நான் சிலரை அழைத்துப் போயிருக்கிறேன், நினைவிருக்கிறதா? நூறாவது மலர்க்காட்சியின் நினைவாக 1995-இல் தொடங்கியது. நீங்கள் பெரிய பூக்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் சின்ன ரோஜாப் பாத்தி எதிரில் நின்றேன். பேருந்துக்கு நேரமாகிறது என்று நீங்கள்தான் என்னைக் கூப்பிட்டீர்கள்.

எனக்கு அந்த ஓனான் ஊர்ப் பெண்மணியை விட முடியவில்லை. அவர் பெயர்கூட நான் படித்ததில் இல்லை. மோபோர்ஜேக்காரர் யாரோ ஒரு நாள் ஒரு துண்டு ஒடித்து இந்த ஊருக்குக் கொடுத்திருக்கிறார், இல்லையா?

இப்போது ஒரு செய்தி. சொந்தங்களில் நாலைந்து பேருக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொல்லத் திராணி இல்லை. வீட்டை விற்க முன்பணம் வாங்கியாகிவிட்டது. சித்திரைக்குள் நான் பெங்களூரில் மகனிடம் போகிறேன். முழங்கால் இரண்டும் இனி மாடிப்படிக்கும் கிணற்றடிக்கும் ஆகாது என்று சொல்லிவிட்டன. வாங்குகிறவர் நல்லவர், மறைத்துப் பேசவில்லை. வீட்டை இடித்துவிட்டு வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விடப் போகிறார். நம் ஊரில் இப்போது அதற்குத்தான் கிராக்கி. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை வந்த பிறகு, ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பேருந்துக்கு நிற்கிற பிள்ளைகள் எங்கேயாவது படுத்துத்தானே ஆகவேண்டும்? அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மாமரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பன்னீர் ரோஜாவுக்கு வேர் இறங்கி முப்பது வருடம் ஆகிறது, அதுவும் வராது. வருவது சின்ன ரோஜா மட்டும்தான்.

இது எங்கேயும் போகும் என்பதை எனக்குக் காட்டியது என் வீட்டில் குடியிருந்த பெண்கள். மாடி அறையில் மூன்று வருடமாக நாலு பெண்கள், ஒப்பந்த வேலை. திருவாரூர் பக்கத்துப் பெண் ஒருத்தி, இரவு ஷிப்ட் முடித்து வந்து, தூங்கப் போவதற்கு முன் என் ஜன்னல் செடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவாள். ஒரு துண்டு வேர்விடச் செய்து பெயிண்ட் டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். ஜன்னல் கம்பியில் கட்டி வளர்த்தாள். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும்போது பெட்டி, பாய், மிக்சி எல்லாவற்றோடும் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். "பெரிய செடின்னா விட்டுட்டுப் போயிருப்பேன் டீச்சரம்மா" என்றாள். போன மாதம் படம் அனுப்பியிருக்கிறாள். அவள் அம்மா வீட்டுத் திண்ணையில் ஏழு பூ.

சரி, வளர்ப்பு முறை. பெரும்பாலான பெரிய ரோஜாக்கள் ஒட்டுச்செடிகள். காட்டு ரோஜாவின் வேர்மேல் நல்ல ரகத்தின் மொட்டை ஒட்டுவார்கள். ஒட்டுக்குக் கீழே கிளைத்தால் அது காட்டு ரோஜா, அதை நீக்க வேண்டும். ஏழு இலை வந்தால் காட்டுச் செடி என்று எல்லோரும் சொல்லுவார்கள், அதை நம்பாதீர்கள். நல்ல ரகத்திலும் ஏழு சிற்றிலை வரும். கிளை எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பாருங்கள். சின்ன ரோஜாவில் இந்தத் தொல்லையே இல்லை. சொந்த வேரில் நிற்கும். துண்டு வைத்தால் அதே செடி.

பூத்து முடிந்த கிளையில், தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனான தண்டாகப் பார்த்து, நாலு அங்குலம், கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் தென்னைநார்க் கழிவும் பாதிப் பாதி கலந்த கப்பில் இரண்டு கணு புதையும்படி நடுங்கள். பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடி நிழலில் வையுங்கள். கற்றாழைச் சாறு, தேன், பட்டைப்பொடி என்று யூடியூபில் ஆயிரம் சொல்கிறார்கள். சுத்தமான கத்தியும் பொறுமையும் போதும். இழுத்து இழுத்துப் பார்க்கக் கூடாது. மார்கழி, தை மாதக் குளிரில் நாலிலிருந்து ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும்.

எட்டு அங்குலத் தொட்டி போதும், அடியில் ஓட்டை அவசியம். ஐந்து மணி நேரமாவது வெயில் வேண்டும். சித்திரை, வைகாசியில் மதிய வெயில் படாத கிழக்குப் பக்கம் நல்லது. வாங்கிய செடி என்றால் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இறுகியிருக்கும். தண்ணீரில் ஊறவைத்து, வெளிப்பக்கம் மட்டும் மெதுவாகக் கரைத்துவிட்டு நடுங்கள். மட்கிய சாணம், ஊறவைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீர் மாதம் ஒருமுறை. முட்டை ஓடு போடுகிறவர்கள் போடுங்கள், அது மட்கி வருவதற்குள் நீங்கள் பாட்டியாகிவிடுவீர்கள்.

இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று, ஆர்.ஓ. மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீரை இதற்கு ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்று எல்லா வீட்டிலும் செடிக்குத்தான் ஊற்றுகிறோம். அதில் உப்பு இரட்டிப்பாக இருக்கும், இலை ஓரம் கருகும். நம் போர்த் தண்ணீரே தொட்டி விளிம்பில் வெள்ளை பூக்கிறது. மழைக்காலத்தில் தொட்டியை நன்றாக நனையவிட்டால் அந்த உப்பு கழுவிப் போய்விடும். இரண்டு, சிவப்புச் சிலந்தி. கோடையில் இலை மங்கி, மணல் தூவியதுபோலப் புள்ளி விழுந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் நூலாம்படைபோல இருக்கும். மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன், நாலு நாளைக்கு ஒருமுறை இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். வறட்சிதான் அதற்குப் பிடிக்கும். பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. அங்கே சூப்பர்மார்க்கெட்டில் சின்னத் தொட்டியில் விற்கிற ரோஜா ஒரே செடி இல்லை. அடர்த்தியாகத் தெரிவதற்காக மூன்று நாலு துண்டுகளைச் சேர்த்து நட்டிருப்பார்கள். அதனால்தான் பூ முடிந்ததும் நெருக்கியடித்துக்கொண்டு பட்டுப்போகிறது. பிரித்துத் தனித்தனியாக நடுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். குளிர்காலத்தில் வெளியே பால்கனியில் இருப்பதுதான் அதற்குச் சுகம்.

ஐப்பசியிலிருந்தே துண்டு போட ஆரம்பித்தேன். இன்று காலை எண்ணியதில் 41 கப், அதில் 34 புதுத்துளிர் விட்டிருக்கிறது. பொங்கல் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில், காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் வாருங்கள். வரிசை எண் ஒன்றும் இல்லை, வருகிறவர்களுக்கு ஒன்று. வீட்டில் வயதான அம்மா, அத்தை, பாட்டி தனியாக இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து ஒன்று கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். பேருந்தில் வருகிறவர்கள் ஒரு துணிப்பையும் பழைய செய்தித்தாளும் கொண்டுவந்தால் போதும். படப்பையிலிருந்து வருகிறவர்கள் ஏரிக்கரை பக்கம் திரும்பாதீர்கள், குழாய் போடத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத் தெரு வழியாக வாருங்கள். காபி உண்டு, சர்க்கரை இல்லாமல் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாங்காய் ஊறுகாய் இரண்டு ஜாடி இருக்கிறது. அதையும் காலி செய்தாக வேண்டும்.